துறுதுறுப்பின் வம்சாவளி
குழந்தைகளின் கவனக் குறைபாடும் மரபணுவும் – ஒரு வரலாற்றுப் பார்வை

இந்த மலரில் நான் வழக்கமாகச் சமணப் பள்ளிகளைப் பற்றியும் வட ஆர்க்காட்டுக் கல்வெட்டுகளைப் பற்றியும் எழுதி வருபவன். இம்முறை ஒரு குழந்தைப் பருவக் குறைபாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தது ஏன் என்று சில அன்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. கடந்த சில ஆண்டுகளில் பம்பாய்த் தமிழ்க் குடும்பங்களில் குறைந்தது ஐந்தாறு வீடுகளில் இந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. பேச்சு விழுந்த இடத்தில் எல்லாம் கூடவே ஒரு பழிச்சொல்லும் விழுந்தது. பழி எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன். அது இருநூற்றைம்பது வருஷத்துக் கதையாக விரிந்துவிட்டது.

நான் மருத்துவன் அல்லன். நாற்பது வருஷமாகப் பாத்திர வியாபாரம். கடையை மருமகனிடம் ஒப்படைத்த பிறகு, நூலகத்திலும் டாக்டர் நண்பர்களிடமும் கேட்டுப் படித்ததை வைத்து எழுதுகிறேன். மருந்து சொல்வது என் வேலை இல்லை. வரலாறு சொல்வது மட்டுமே.

முதலில் பெயர். இன்று உலகம் முழுக்க ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். தமிழில் கவனக் குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று எழுதுகிறார்கள். நம் வீடுகளில் இதற்கு வேறு சொற்கள் உண்டு. "கால்ல சக்கரம் கட்டியிருக்கான்", "ஒரு இடத்துல உக்கார மாட்டான்", "சொன்னது காதுலயே ஏறாது". எல்லாக் குழந்தையும் கொஞ்சம் அப்படித்தான். வயதுக்கு மீறி, வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும், மாதக் கணக்கில் தொடர்ந்து, படிப்பையும் பழக்கத்தையும் கெடுக்கும் அளவுக்கு இருந்தால்தான் மருத்துவர் இந்தப் பெயரை வைப்பார். 2007-இல் உலக நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டியபோது நூற்றுக்கு ஐந்து குழந்தைகளுக்குச் சற்று மேலாக இது இருப்பதாகக் கண்டார்கள். கோயம்புத்தூரில் 770 ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளிடம் செய்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு 11.32 சதவீதம் என்றது. அளக்கும் முறையைப் பொறுத்து எண் ஏறும், இறங்கும். ஆனால் இது வெள்ளைக்காரன் வீட்டுச் சமாச்சாரம் மட்டும் இல்லை என்பது தெளிவு.

பெயர் வருவதற்கு முன்

1775-இல் ஜெர்மானிய மருத்துவர் மெல்கியோர் ஆடம் வைகார்ட் தம் நூலில் கவனக் குறைவைப் பற்றி ஒரு பகுதி எழுதினார். மருத்துவ நூல்களில் இதைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று. கவனம் நிற்காத மனிதன் எதையும் அரைகுறையாகத்தான் கேட்பான், அரைகுறையாகத்தான் நினைவில் வைப்பான் என்பது அவர் கண்டது. காரணம் என்று அவர் முக்கியமாகச் சொன்னது தவறான வளர்ப்பு. குளிர்ந்த நீர்க் குளியலும் குதிரைச் சவாரியும் அவர் சொன்ன வைத்தியங்களில் அடங்கும்.

1798-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் வேறு விதமாகச் சொன்னார். பின்னாளில் ரஷ்யச் சக்கரவர்த்திக்கே வைத்தியராக இருந்தவர் அவர். ஒரு பொருளில் கவனத்தை நிறுத்த முடியாத தன்மை பிறவியிலேயே அமையலாம், அல்லது நோயினால் பின்னால் வரலாம் என்று இரண்டாகப் பிரித்தார். பிறவியில் வந்ததென்றால் சிறு வயதிலேயே தெரிந்துவிடும், படிப்பைக் கெடுக்கும், வயது ஏற ஏறப் பெரும்பாலும் தணியும் என்பது அவர் கருத்து. 'பிறவியிலேயே' என்ற அந்தச் சொல்தான் நம் கதைக்கு வித்து. வளர்ப்பா, பிறப்பா என்ற வழக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

1840-களில் பிராங்பர்ட் நகரத்து மருத்துவர் ஹைன்ரிக் ஹோஃப்மன் தம் சின்ன மகனுக்காகப் படம் போட்டு ஒரு கதைப் புத்தகம் செய்தார். அதில் வரும் துறுதுறு ஃபிலிப் சாப்பாட்டு மேசையில் நாற்காலியை ஆட்டி ஆட்டி, மேசை விரிப்போடு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு கீழே விழுவான். ஜெர்மானியர் வீடுகளில் இன்றும் துள்ளும் பையனுக்கு அந்தப் பெயர்தான். ஆனால் அது நீதிக் கதை. அப்பா பேச்சைக் கேட்காத பையனுக்கு இப்படி ஆகும் என்பதே அதன் செய்தி.

1902, லண்டன்

ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் இங்கிலாந்தின் முதல் குழந்தை மருத்துவப் பேராசிரியர் என்று போற்றப்படுபவர். 1902-இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறைவில்லாத, ஆனால் தன்னை அடக்கிக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றி அவர் பேசினார். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகள் அதிகம் என்பதைக் கவனித்தார். நல்ல வீட்டில், நல்ல வளர்ப்பில் வளர்ந்த பிள்ளைகளிடமும் இது இருப்பதைக் கண்டார். ஆகவே எல்லாவற்றையும் தாய் தகப்பன் தலையில் கட்ட முடியாது என்பது அவருக்குப் புரிந்தது. அந்தப் பிள்ளைகளின் சொந்தபந்தங்களிலும் மனநலக் கோளாறுகளும் குடிப்பழக்கமும் இருப்பதைக் குறித்து வைத்தார்.

ஆனால் ஸ்டில் இதற்கு வைத்த பெயர் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை' என்ற பொருள்படுவது. அந்தக் காலத்துச் சிந்தனை அப்படி. 1913-இல் இங்கிலாந்தில் வந்த மனக்குறைபாட்டுச் சட்டம் 'ஒழுக்க மூடர்' என்றே ஒரு வகை வைத்தது. அந்தப் பட்டத்தைச் சுமந்தவர்களை விடுதிகளில் அடைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. ஒரு மருத்துவர் கவனமாகப் பார்த்துச் சொன்னதற்கு ஒரு சமூகம் எப்படிக் கொடிய அர்த்தம் கொடுக்கும் என்பதற்கு இது ஒரு சான்று. இதற்கு மேலும் கொடியது பின்னால் வருகிறது.

காயமா, தாயா, சாப்பாடா

முதல் உலகப் போர்க் காலத்தில் மூளையைத் தாக்கும் ஒரு தூக்கக் காய்ச்சல் ஐரோப்பாவில் பரவியது. 1917-இல் வியன்னாவில் ஃபான் எகொனோமோ அதை விவரித்தார். பிழைத்த குழந்தைகளில் பலர் முன்பு இல்லாத துடிப்பும் அடங்காமையும் காட்டினார்கள். 'மூளை அடிபட்டால் பிள்ளை இப்படி ஆகும்' என்ற கருத்து அப்போது வேரூன்றியது. பிறகு, அடிபட்டதற்கு அடையாளமே இல்லாத பிள்ளைகளுக்கும் 'சிறு மூளைக் காயம்' என்று பெயர் வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத காயத்தை நடத்தையை வைத்தே ஊகித்தார்கள். 1960-களில் மருத்துவர்களே இது முறையல்ல என்று 'காயம்' என்ற சொல்லைக் கைவிட்டு, 'செயல்பாட்டுக் குறை' என்று மாற்றினார்கள்.

இதற்கு நடுவில் மருந்து தற்செயலாக வந்தது. அமெரிக்காவில் ரோட் ஐலண்டில், மூளைக் காய்ச்சலால் பாதிக்கப்பட்ட தங்கள் ஒரே மகளின் நினைவாக ஒரு குடும்பம் அமைத்த குழந்தைகள் மருத்துவமனை இருந்தது. 1937-இல் அங்கே சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், பரிசோதனைக்குப் பிறகு வரும் தலைவலிக்கு என்று பென்சிட்ரின் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் 30 பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் திடீரென்று உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார்கள். ஊக்க மருந்து கொடுத்தால் துடிப்பு அடங்குகிறதே என்று எல்லோருக்கும் வியப்பு. இன்று பரவலாகப் பயன்படும் மெத்தில்ஃபெனிடேட் 1944-இல் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டது. அதைச் செய்த பனிசோன் தம் மனைவி ரீட்டாவின் பெயரால் ரிட்டலின் என்று பெயர் சூட்டினார்.

பழி மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மனப்பகுப்பாய்வுக் கொள்கை அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது. குழந்தையின் எந்தக் குறைக்கும் தாயின் அன்பில் காரணம் தேடினார்கள். 1968-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதைக் குழந்தைப் பருவத்து மிகையியக்க 'எதிர்வினை' என்றே குறித்தது. 1970-களில் ஃபைன்கோல்ட் என்பவர் உணவில் சேர்க்கும் சாயம்தான் காரணம் என்றார். சர்க்கரைதான் காரணம் என்று பெற்றோர்கள் நம்பினார்கள். 1994-இல் வந்த ஒரு கவனமான சோதனை, சர்க்கரையால் பிள்ளைகளின் நடத்தை மாறவில்லை என்று காட்டியது. இன்றைக்கும் நம் வீட்டுப் பாட்டிமார்கள் "சாக்லேட்டைக் குறைச்சா சரியாயிடும்" என்கிறார்கள். பல்லுக்கு நல்லது, குறைக்கட்டும்.

வளர்த்தவரையும் பெற்றவரையும் பிரித்துப் பார்த்தது

மரபு பற்றிய முறையான கணக்கு 1970-களில்தான் தொடங்கியது. 1971-இல் மாரிசன், ஸ்டூவர்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், துடிப்பு மிகுந்த பிள்ளைகளின் பெற்றோரையும் மற்றப் பிள்ளைகளின் பெற்றோரையும் ஒப்பிட்டார்கள். 1972-இல் டென்னிஸ் கான்ட்வெல் 50 குடும்பங்களுக்கு எதிர் 50 குடும்பங்கள் என்று ஒப்பிட்டார். இரண்டிலும் விடை ஒன்றே. துடிப்பான பிள்ளைகளின் பெற்றோரில், தாங்களும் சிறு வயதில் அப்படித்தான் இருந்தோம் என்றவர்கள் அதிகம்.

இதைக் கேட்டதும் ஒருவர் மறுக்கலாம். அப்பா பரபரப்பானவர் என்றால் வீடே பரபரப்பாக இருக்கும், பிள்ளை அதைப் பார்த்துப் படித்திருக்கலாமே? நியாயமான கேள்வி. அதற்காகத்தான் தத்துப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். மாரிசனும் ஸ்டூவர்ட்டும் 1973-இலும், கான்ட்வெல் 1975-இலும் துடிப்பு மிகுந்த தத்துப் பிள்ளைகளின் வளர்ப்புப் பெற்றோரை ஆராய்ந்தார்கள். பெற்ற பெற்றோரிடம் கண்ட அந்த ஒற்றுமை வளர்த்த பெற்றோரிடம் இல்லை. வளர்ப்பின் மேல் இருந்த வழக்கு இங்கே பலவீனமானது.

அடுத்தது இரட்டையர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு ஒன்றே. இரு கரு இரட்டையர் சாதாரண அண்ணன் தம்பி போலப் பாதிதான் பகிர்கிறார்கள். இரண்டு வகையும் ஒரே வீட்டில், ஒரே சமயத்தில், ஒரே சோறு தின்று வளர்கிறவர்கள். ஒரு கரு இரட்டையர் இடையே ஒற்றுமை அதிகமாக இருந்தால், அந்த அதிகம் மரபணுவின் பங்கு. 1989-இல் லண்டனில் குட்மனும் ஸ்டீவன்சனும் 13 வயது இரட்டையரிடம் செய்த ஆய்வில் பங்கு ஏறக்குறைய பாதி என்று வந்தது. 1997-இல் ஆஸ்திரேலியாவில் ஃபுளோரன்ஸ் லெவி குழுவினர் 1,938 குடும்பங்களைப் பார்த்தபோது அது முக்கால் பங்குக்கு மேல் போயிற்று. 2019-இல் ஃபாரோனும் லார்சனும் 37 இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து, சராசரி 74 சதவீதம் என்றார்கள்.

74 என்றால் என்ன?

இந்த எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்கிறவர்களே அதிகம். அதனால் என் வியாபாரத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பஜாரில் ஐம்பது பாத்திரக் கடைகள். விற்பனை கடைக்குக் கடை வேறுபடும். அந்த ஏற்றத்தாழ்வில் முக்கால் பங்கு கடை அமைந்த இடத்தால் வருகிறது என்று ஒருவர் கணக்குப் போட்டுச் சொல்கிறார். அதை வைத்துக்கொண்டு, நேற்று என் கல்லாவில் விழுந்த 10,000 ரூபாயில் 7,500 இடத்தால் வந்தது, 2,500 என் உழைப்பால் வந்தது என்று பிரிக்க முடியுமா? முடியாது. அந்த எண் பஜாரைப் பற்றியது. என் ஒரு கடையைப் பற்றியது அல்ல.

அதேபோல 74 என்பது மக்கள் கூட்டத்தில் காணும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. உங்கள் பேரனுடைய துடிப்பில் 74 பங்கு அப்பாவும் அம்மாவும் கொடுத்தது என்று அர்த்தமில்லை. இடம் மாறாது என்பதால் வியாபாரம் மாறாது என்றும் இல்லை. சரக்கைக் கண்ணில் படும்படி அடுக்கினால் மூலைக் கடையும் விற்கும். கிட்டப்பார்வையும் குடும்பத்தில் வருவதுதான். அதற்காகக் கண்ணாடி போடாமல் விடுகிறோமா?

மரபணு அல்லாத காரணங்களும் உண்டு. குறைமாதப் பிரசவம், பிறக்கும்போது எடை குறைவு, ஈயம் உடலில் சேர்வது ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. ருமேனியாவில் 1989 வரை இருந்த ஆட்சிக் காலத்தில் அநாதை விடுதிகளில் கவனிப்பாரற்றுக் கிடந்து, பிறகு இங்கிலாந்தில் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் விடுதியில் கிடந்தவர்களிடம் கவனக் குறைவும் துடிப்பும் கூடுதலாக இருந்தன. ஆனால் அது யாரும் தூக்காத, யாரும் பேசாத தொட்டில் வாழ்க்கை. சாதாரண வீட்டில் ஓர் அம்மா கண்டிப்பாக இருந்தாளா, செல்லம் கொடுத்தாளா என்பதை அதோடு சேர்த்துப் பேசக் கூடாது.

ஒற்றை மரபணுவைத் தேடி

மரபில் வருகிறது என்றால் எந்த மரபணு? 1990-களில் எல்லோர் கண்ணும் டோபமின் மேல் இருந்தது. மூளையில் ஊக்கத்துக்கும் கவனத்துக்கும் வேண்டிய சுரப்பு அது. மருந்து வேலை செய்வதும் அதன் வழியாகத்தான். 1995-இல் குக் குழுவினர் டோபமினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தின் மரபணுவிலும், 1996-இல் லாஹோஸ்டே குழுவினர் டி.ஆர்.டி.4 என்ற மரபணுவின் ஒரு நீண்ட வடிவத்திலும் தொடர்பு கண்டார்கள். பின்னது வெறும் 39 குழந்தைகளை வைத்துச் செய்தது. பத்திரிகைகள் துறுதுறுப்பின் மரபணு கிடைத்துவிட்டது என்று எழுதின.

அதே டி.ஆர்.டி.4 மரபணுவை வைத்து இன்னொரு சுவையான ஆய்வும் நடந்தது. 1999-இல் ஒரு குழு, நெடுந்தூரம் குடிபெயர்ந்த இனங்களில் அந்த நீண்ட வடிவம் அதிகம் என்றது. 2008-இல் கென்யாவின் அரியால் மக்களிடம் பார்த்தபோது, மாடு மேய்த்து அலையும் கூட்டத்தில் அந்த வடிவம் உள்ள ஆண்கள் நல்ல உடல்வாகோடு இருந்தார்களாம். ஓரிடத்தில் குடியேறிவிட்ட கூட்டத்தில் அதே வடிவம் உள்ளவர்கள் மெலிந்திருந்தார்களாம். இதைப் படித்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. நாமும் ஊரை விட்டுக் கிளம்பி வந்தவர்கள்தானே, நம் ரத்தத்திலேயே அது இருக்கிறது என்று இந்த மலருக்கு அழகாக ஒரு முடிவு கட்டலாம். கட்ட மாட்டேன். நம் முன்னோர் பம்பாய்க்கு ரயில் ஏறியது மழை பொய்த்ததாலும் கூலி கிடைத்ததாலும்.

தவிர, அந்த மரபணுக் கதை பெரிய கணக்கில் நிற்கவில்லை. 2019-இல் 20,183 பேருக்கு எதிர் 35,191 பேர் என்று மரபணு முழுவதையும் அலசிய ஆய்வு வந்தது. டெமொன்டிஸ் முதலியோர் செய்தது. 12 இடங்களில் உறுதியான தொடர்பு கண்டார்கள். 2023-இல் அதையே 38,691 பேருக்கு விரித்தபோது 27 இடங்கள். பழைய டோபமின் நாயகர்கள் இரண்டு பேரும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு சிலரிடம் குரோமோசோமில் பெரிய துண்டே இரட்டித்தோ விடுபட்டோ இருப்பதை 2010-இல் கார்டிஃப் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அது சிறுபான்மை. பெரும்பாலோருக்கு ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்ந்துதான் பாரம் ஏறுகிறது. 2023 ஆய்வின் மதிப்பீடு ஏறக்குறைய 7,300. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மற்ற மனநலப் பிரச்சினைகளிலும் பங்கு உள்ளவை.

இதில் இரண்டு செய்திகளை நாம் மனத்தில் வைக்க வேண்டும். ஒன்று, இந்தப் பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரை வைத்துச் செய்தவை. ஆகவே எச்சில் கொடுங்கள், உங்கள் பிள்ளைக்கு வருமா வராதா சொல்கிறோம் என்று யாராவது வந்தால் பணத்தைப் பத்திரமாக வையுங்கள். இன்றைக்கும் இதைக் கண்டறிவது மரபணுச் சோதனையால் அல்ல. மருத்துவர் பொறுமையாகக் கேட்டு விசாரிப்பதால்தான். இரண்டாவது, 7,300 என்றால் அதில் பல என்னிடமும் உண்டு, உங்களிடமும் உண்டு, சம்பந்தி வீட்டிலும் உண்டு. இதில் சுத்தமான குடும்பம் என்று ஒன்று இல்லவே இல்லை.

மரபு என்ற சொல் கெட்ட கதை

இரட்டையரை வைத்து மரபை அறியலாம் என்று 1875-இலேயே எழுதியவர் ஃபிரான்சிஸ் கால்டன். 1883-இல் 'இன மேம்பாடு' என்ற பொருளில் யூஜெனிக்ஸ் என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரே. நல்ல குலத்தார் பெருக வேண்டும், குறையுள்ளோர் பெருகக் கூடாது என்பது அந்தக் கொள்கை. 1933 ஜூலையில் ஹிட்லர் அரசு பரம்பரை நோய் உள்ளவர்களைக் கட்டாயமாகக் கருத்தடை செய்யும் சட்டம் போட்டது. லட்சக்கணக்கானோர் அதற்கு ஆளானார்கள்.

நம் கதைக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1932-இல் பெர்லினில் ஃபிரான்ஸ் கிராமர், ஹான்ஸ் போல்னோ என்ற இரு மருத்துவர்கள் துடிப்பு மிகுந்த குழந்தைகளைப் பற்றி மிக நுட்பமான ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். இன்றைய விவரணைக்கு வெகு அருகில் வருவது அது. இருவரும் யூத வம்சத்தார். கிராமர் 1938-இல் ஹாலந்துக்குப் போய்விட்டார். போல்னோ பிரான்சுக்குத் தப்பியும் பிடிபட்டு, 1943-இல் மௌதாசென் வதை முகாமில் கொல்லப்பட்டார். துறுதுறு பிள்ளைகளை அன்போடு பார்த்து எழுதியவரை, ரத்தச் சுத்தம் பேசியவர்கள் கொன்றார்கள். மரபு என்ற சொல்லை எடுக்கும்போதெல்லாம் இந்த மனிதரை நினைத்துக்கொள்வது நல்லது.

நம் வீடுகளில்

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். எங்கள் உறவில் எட்டு வயதுப் பையன் ஒருவன். பள்ளியில் நோட்டில் எழுதாமல் எழுந்து எழுந்து போகிறான் என்று புகார். அவன் அம்மா ஆரணிப் பக்கத்துப் பெண். மொழி தெரியாத ஊரில் ஒரு ரூம் கிச்சனில் பிள்ளையை வளர்ப்பவள். "வளர்க்கத் தெரியல" என்று முதலில் அவளைச் சொன்னார்கள். பிறகு டாக்டர் பரிசோதித்து, இது வளர்ப்பால் வந்ததில்லை, குடும்பத்தில் வரக்கூடியது என்று விளக்கினார். பழி போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. இடம்தான் மாறியது. "எங்க வீட்ல இப்படி யாரும் கெடையாது, அண்ணா. இது அந்தப் பொண்ணு வீட்டு ரத்தம்" என்று பையனின் பாட்டி என்னிடமே சொன்னார். பக்கத்திலேயே பையனின் தாத்தா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வருஷத்தில் ஒரு நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தறியாதவர். ஆர்டர் பிடிக்க ஊர் ஊராக அலைந்தே கடையைப் பெரிதாக்கியவர். அவர் சிரித்துக்கொண்டு, "நான் யாரு வீட்டு ரத்தம்?" என்று கேட்டார். பாட்டி பதில் சொல்லவில்லை. அவரை நான் நோயாளி என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் பேச்சு அன்றோடு தணிந்தது.

வேறொரு தொல்லை அதற்குப் பிறகு வந்தது. பையனின் அத்தைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே தெரியக் கூடாது, டாக்டரிடம் போவதையே நிறுத்திவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். எங்கள் தமிழ்ச் சமணச் சமூகம் சிறியது. வந்தவாசியில் தும்மினால் திண்டிவனத்தில் கேட்கும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஓர் அத்தையின் வரனுக்காக எட்டு வயதுப் பையனின் பள்ளிப் பருவத்தை விலையாகக் கொடுப்பதா? நான் கூடாது என்றேன். பையனின் அப்பாவும் நிறுத்தவில்லை. மேலே எழுதிய கணக்கைத்தான் அவர்களுக்கும் சொன்னேன். ஆயிரக்கணக்கான கடுகுகள், எல்லார் வீட்டு டப்பாவிலும் இருக்கின்றன. ஒரு வீட்டில் கொஞ்சம் கூடிவிட்டால் அது குலக் குறை ஆகாது.

இன்னொருவர், எங்கள் சமூகத்துப் பெரியவர், "பூர்வ வினை, அனுபவிச்சுத்தான் தீரணும்" என்றார். வணக்கத்தோடு மறுத்தேன். எங்கள் அறத்தில் வினை என்பது அந்தந்த உயிரின் சொந்தக் கணக்கு. தகப்பன் கணக்கு மகன் பேரேட்டில் ஏறாது. மரபணுவோ தகப்பனிடமிருந்தும் தாயிடமிருந்தும் வருவது. இரண்டையும் ஒன்றாக்கினால் சமயமும் கெடும், வைத்தியமும் கெடும். மேலும், வினை என்று நம்புகிறவருக்கும் பிறர் துன்பத்தைத் துடைக்கும் கடமை நீங்குவதில்லை.

வெளியூர்த் தமிழருக்குச் சில குறிப்புகள்

நம் பிள்ளைகள் விஷயத்தில் அவசரமும் ஆபத்துதான். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி அல்லது மராத்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழிக்கு நடுவில் நிற்கும் பிள்ளை, பாடம் புரியாமல் ஜன்னலைப் பார்க்கலாம். அது கவனக் குறைபாடு அல்ல. காது மந்தம், தூக்கக் குறைவு, மனக் கவலை ஆகியவையும் இப்படித் தோற்றம் காட்டும். கனடாவில் 9 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். வகுப்பிலேயே இளையவர்களான டிசம்பர் மாதத்துப் பையன்களுக்கு, ஜனவரி மாதத்துப் பையன்களைவிட 30 சதவீதம் அதிகமாக இந்தப் பட்டம் கட்டப்பட்டிருந்தது. வயதில் சின்னவன் சின்னவனைப் போல நடந்துகொண்டான், அவ்வளவுதான். ஒரு வருஷம் லாபம் என்று பிள்ளையைச் சீக்கிரம் பள்ளியில் தள்ளுகிற நம்மவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, மாமன், சித்தப்பா எல்லோருடைய சிறு வயதுக் கதையையும் கேட்டுக்கொண்டு போங்கள். யாரைக் குற்றம் சொல்லலாம் என்பதற்காக அல்ல. மருத்துவருக்கு அது நல்ல தடயம். ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு போன் போட்டால் போதும், "அவனா, மரத்துல இருந்து எறங்கவே மாட்டானே" என்று வண்டி வண்டியாகச் சொல்வார்கள்.

மருந்து வேண்டுமா, பழக்கப் பயிற்சி போதுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. சீட்டு இல்லாமல் வாங்கவோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கவோ கூடாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தை மனநலத்துக்கென்றே தனித் துறை உண்டு. பெரிய நகரங்களின் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் கேட்டுப் பார்க்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, இது தனியாக இல்லை. ஆகவே தேர்வுச் சலுகை வேண்டுவோர் கற்றல் குறைபாடும் சேர்ந்து இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்வது பயன் தரும். இரண்டும் சேர்ந்து வருவது சகஜம்.

இன்னும் ஒன்று. 2007-இல் அமெரிக்காவில் பிலிப் ஷா குழுவினர் 223 குழந்தைகளின் மூளைப் படங்களை, அதே எண்ணிக்கையுள்ள மற்றக் குழந்தைகளின் படங்களோடு ஒப்பிட்டார்கள். மூளையின் மேலுறை வளர்ச்சி மற்றவர்களிடம் ஏழரை வயதில் எட்டும் கட்டத்தை இந்தப் பிள்ளைகள் பத்தரை வயதில் எட்டினார்கள். வளரும் வரிசை மாறவில்லை, வேகம்தான் குறைவு. எல்லோருக்கும் முழுவதுமாகச் சரியாகிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. பெரியவர்களான பிறகும் தொடர்கிறவர்கள் உண்டு. ஆனால் பத்து வயதுப் பையனிடம் ஏழு வயதுப் பையனுக்கு உரிய பொறுமையை நாம் காட்ட வேண்டியிருக்கலாம் என்பது மட்டும் நிச்சயம்.

இருநூற்றைம்பது ஆண்டுகளில் இந்தப் பழி பிள்ளையின் ஒழுக்கத்தின் மேல் விழுந்தது. தாயின் மடியில் விழுந்தது, சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது, கடைசியில் ரத்தத்தின் மேல் விழுந்தது. அறிவியல் ஒவ்வொரு முறையும் அதைக் கொஞ்சம் இறக்கி வைத்தது. நாம் ஒவ்வொரு முறையும் வேறொருவர் தலையில் ஏற்றினோம். மரபணு என்பது யாரும் தேர்ந்தெடுத்து வாங்கிய சரக்கல்ல, யாரும் வேண்டுமென்று கொடுத்ததும் அல்ல. கொடுத்தவர் மேல் வழக்குப் போடும் நேரத்தில் பிள்ளையை மடியில் உட்கார வைத்து ஒரு பக்கம் படிக்க வைக்கலாம். ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடுவான். ஓடட்டும். திரும்பி வருவான், மறுபடி உட்கார வையுங்கள்.